கதிர்காமத்தம்பியின் பொண்டியாக் கலியாணத்துக்குப் போன விதம்

கதிர்காமத்தம்பி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம் என்று நினைப்பவர்கள் கனடாவின் மொன்றியலுக்குப் புதிதாக வந்தவர்கள். பழைய ஆட்கள் மீதியையும் நம்புவதில்லை. ஒரு பனிக்காலத்தில் மெற்றோக் கதவு மூடியபோது, உறைந்து விறைத்திருந்த தன் மீசையின் இடப்பக்கம் கதவில் அகப்பட்டு முறிந்து, தான் இல்லாமலே அடுத்த ஸ்ரேசனுக்குப் போய்விட்டது என்பது அவர் கதைகளில் சின்னது. அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தசை அசையாது. யாராவது சிரித்தால் மீசையின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார்.

"இது பிறகு முளைச்சது."

ஆகவே, நோத்ர-டாம்-த-கிரேஸில் தன் வீட்டுக் கராஜுக்குள் 1970ஆம் ஆண்டு அமெரிக்கப் பொண்டியாக் கார் ஒன்று நிற்கிறது, எட்டு சிலிண்டர், தானே கழற்றித் தானே பூட்டியது என்று அவர் சொன்னபோது, சனம் அதையும் மீசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. திருகோணமலையிலிருந்தே கூட வந்த சிநேகிதர் அம்புறோஸ் ஒருநாள் கராஜுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அன்று பார்த்து இஞ்சின் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது, நாலு சில்லும் கழன்றிருந்தன, கதவுகள் பூச்சுக்காகச் சுவரில் சாய்ந்திருந்தன.

"மச்சான், இதுக்குள்ள கார் எங்கை?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். பிறகு வரவேயில்லை.

காரைக் கண்டெடுத்தது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு தோட்டக்காரரின் கொட்டகையில். பின் ஸீற்றில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. ஒரு கோழி இறங்க மறுத்துவிட்டதாகவும், அதை ஏற்றியபடியே நெடுஞ்சாலையில் இழுத்து வந்ததாகவும், எக்ஸிற் வரும்போதெல்லாம் அது கொக்கரித்து வழி சொன்னதாகவும் கதிர்காமத்தம்பி சொல்வதுண்டு. கோழி வந்தது உண்மை. வழி சொன்னதற்குச் சாட்சி இல்லை. சாட்சியை அவர் மனைவி கிளி ஞாயிற்றுக்கிழமை குழம்பாக்கிவிட்டார்.

அதன்பிறகு பதினொரு வருடம் அந்தக் கார் கராஜில் இருந்ததைவிட வீட்டுக்குள்தான் அதிகம் இருந்தது. பம்பர் கட்டிலுக்குக் கீழே. பிஸ்டன்கள் சப்பாத்துத் தட்டில். காபரேட்டர் குசினியில் வினாகிரிக்குள் ஊறியது. டிஸ்றிபியூட்டர் மூடி எப்படியோ சாமித்தட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அதன் வட்டத்தையும் சுற்றி நின்ற குழல்களையும் பார்த்த கிளி, ஏதோ புதுமாதிரியான விளக்கு என்று நினைத்து ஒரு கிழமை முழுவதும் பூ வைத்தார். பம்பருக்குப் புளி போட்டுத் தேய்த்தார் கதிர்காமத்தம்பி. பித்தளைக் குத்துவிளக்கு பளபளக்குமென்றால் அமெரிக்கன் பம்பர் மட்டும் என்ன விதிவிலக்கா? பம்பர் பளபளத்தது. மழை பெய்தால் இலேசாக ரசம் மணக்கும்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த அன்று, ஒரு பிஸ்கற் ரின் நிறைய ஆணிகளும் நட்டுகளும் மிஞ்சின.

"இதெல்லாம் எந்த இடத்துக்குரியது?" என்று கிளி கேட்டார்.

"ஒரு இடத்துக்கும் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கன் காசு கூடின ஆள். தேவைக்கு மேலை போட்டிருக்கிறான்."

ஆனாலும் கார் ஓடியது. யூலையில், கட்டட வேலைக்காரர்களின் விடுமுறைக் கிழமையில், அயலட்டையில் ஒரு சனமும் இல்லாத நேரம், கராஜுக்குப் பின்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கைச் சந்தில் மேலும் கீழுமாக ஒருமுறை ஓடியது. முதலில் கியர்த்தடி அசையவே மறுத்தது. கதிர்காமத்தம்பி காருக்குக் கீழே படுத்து, கியர்த்தடியிலிருந்து பெட்டிக்குப் போகும் கம்பிகளுக்கும் மூட்டுகளுக்கும் தாராளமாக ஏதோ பூசிவிட்டு வந்தார். பிறகு கியர் ஐஸ்கிறீமுக்குள் கரண்டி போவதுபோலப் போனது.

"என்ன கிறீஸ் அப்பா அது?" என்று பக்கத்து ஸீற்றிலிருந்த மகள் சுதாஜினி கேட்டாள்.

"விண்வெளிக்குப் போற கப்பலுக்குப் பூசுறது. கையிலை பட்டால் கை வழுக்கி மற்றக் கையோடை சேர்ந்திடும்."

சுதாஜினி சிரித்தாள். ஆனால் காரை நம்பினாள். உலகத்திலேயே அந்தக் காரை நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. ஒக்டோபரில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை நிரூபன் மட்டக்களப்புக்காரன். பொம்பிளையை அழைத்துவர நீளக் கார் ஒன்று பிடித்துத் தருகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் பண்பாகச் சொன்னார்கள். சுதாஜினி நிமிர்ந்து, "வேண்டாம். நான் அப்பான்ரை காரிலைதான் வருவன்," என்றாள்.

கதிர்காமத்தம்பிக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயம் வந்தது. நம்பாத நூறு பேருக்கு முன்னால் எந்தக் கதையும் சொல்லலாம். வீட்டுக்குப் போய் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். நம்புகிற ஒருத்தி பட்டுச்சேலையோடு காருக்குள் ஏறப் போகிறாள் என்றால் அது வேறு விஷயம். கார் போகாவிட்டால் அவளும் மற்றவர்களோடு சேர்ந்துவிடுவாள். பிறகு அவருக்கென்று யாரும் மிஞ்சமாட்டார்கள், அந்தப் பிஸ்கற் ரின்னைத் தவிர.

மண்டபம் தூரமில்லை. நாலைந்து தெருத் தள்ளி, ஒரு பழைய தேவாலயத்தின் நிலவறை. உண்மையைச் சொன்னால் நடந்தே போய்விடலாம். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

கலியாணத்தன்று விடிந்தபோது புல்லில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது, அந்த வருடத்தின் முதலாவது. கதிர்காமத்தம்பி வழக்கம்போலத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் இறக்கி வைத்து, வெள்ளைக் கட்டி உருகும்வரை காத்திருந்து, தலையில் மிஞ்சியிருந்த மயிருக்குப் பூசி வாரினார். பட்டு வேட்டி, சால்வை, அதற்கு மேலே பனிக்காலக் கோட்டு. கராஜுக்குள் இறங்கினார்.

கார் யூலையில் விட்டபடியே றிவேர்ஸ் கியரில் நின்றது. அந்த வருடத்து மொடலில் றிவேர்ஸில் போட்டால்தான் சாவித் திறப்பு கழலும். கிளி முன் சில்லுகளுக்கு முன்னால் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார், கற்பூரம் காட்டினார், பொனற்றில் சந்தனம் பூசினார்.

"கிளி, கார் பின்பக்கமாத்தான் வெளியிலை போகும். தேசிக்காயை முன்னுக்கு வைச்சால் எப்பிடி நசியும்?"

"முன்னுக்கு வைக்கிறதுதான் முறை. கார் முறைக்கு வராட்டி நான் என்ன செய்ய?"

ஒழுங்கை முனையில் அம்புறோஸ் தன் வெள்ளை வானோடு வந்து நின்றார். இஞ்சினை நிறுத்தவில்லை.

"மச்சான், கோவிக்காதை. ஒரு முற்காப்புக்குத்தான் நிக்கிறன். பிள்ளை பஸ்ஸிலை போகக்கூடாது, பார்."

கதிர்காமத்தம்பி காருக்குள் ஏறினார். கிளச்சை மிதித்துத் திறப்பைத் திருப்பினார். எட்டு சிலிண்டரும் ஒன்றாகக் கர்ச்சித்தன. எதிர்வீட்டுப் பல்கனியில் காய்ந்த சட்டைகள் கைதட்டின. பொண்டியாக் பின்பக்கமாக ஊர்ந்து, செம்மஞ்சள் நிறத்தில், பம்பர் பளபளக்க, ஒழுங்கைக்குள் வந்து நின்றது. தேசிக்காய்கள் கராஜுக்குள் ஒரு காயமும் இல்லாமல் இருந்தன.

அம்புறோஸின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அவர் ஏதாவது சொல்வதற்குள் கிளி வானுக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

"அண்ணை, எடுங்கோ, எடுங்கோ! மாப்பிள்ளை வீட்டார் வந்திடுவினம். ஆலாத்தி எடுக்க ஆளில்லை. இவை பின்னாலை வருவினம்."

பின்னால் என்று கிளி சொன்னது எவ்வளவு சரியென்று அவருக்கு அப்போது தெரியாது.

வான் மறைந்தது. சுதாஜினி நகைகளையும் சேலையையும் பின்னலையும் அள்ளிக்கொண்டு முன் ஸீற்றில் ஏறினாள். பின் ஸீற்றுக்குக் கோழிக் காலத்துக்குப் பிறகு இன்னும் உறை தைக்கவில்லை. கதிர்காமத்தம்பி தொண்டையைச் செருமி, கிளச்சை மிதித்து, கியர்த்தடியைப் பிடித்து முதலாம் கியருக்குத் தள்ளினார்.

அசையவில்லை.

இரண்டு கையாலும் தள்ளினார். பிள்ளையாரை நினைத்துத் தள்ளினார். அமெரிக்கனைத் திட்டிக்கொண்டு தள்ளினார். சீமெந்தில் நட்ட கம்பம்போல அது றிவேர்ஸிலேயே நின்றது.

"அப்பா?"

"கொஞ்சம் பொறு பிள்ளை. இது சாதி கார். உடனை வசப்படாது."

"முகூர்த்தம் பத்தேகாலுக்கு அப்பா."

"தெரியும்."

சுதாஜினி கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். அம்புறோஸின் பெயர் வரை விரல் போனது. வான் திரும்பி வர ஐந்து நிமிடம் போதும். கதிர்காமத்தம்பி முன் கண்ணாடிக்கு வெளியே தன் கராஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கதைகூட வாயில் வரவில்லை. அதைக் கண்டுதான் அவள் பயந்திருக்க வேண்டும். போனைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"அப்பா, றிவேர்ஸ் வேலை செய்யுதுதானே?"

"அது மட்டும்தான் செய்யுது."

"பேந்தென்ன? ஒழுங்கையாலையே போவம். நீங்கள் அந்தப் பக்கத்தாலை பாருங்கோ, நான் இந்தப் பக்கத்தாலை பாக்கிறன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் கதிர்காமத்தம்பி முப்பது வருடம் நோயாளிகளின் கட்டில் தள்ளினார். தள்ளினார் என்பது பேச்சுக்குத்தான். லிஃப்ற்றுக்குள் போவதென்றால் கட்டிலைப் பிடித்துப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். உலகத்தைக் குதிகாலால் உணர்ந்து நடந்த மனிதர் அவர். இதுவரை எந்தக் கதையிலும் அவர் அதைச் சொன்னதில்லை, அது உண்மையாக இருந்தபடியால்.

வலக்கையை மகளின் ஸீற்றுக்குப் பின்னால் போட்டு, வலத் தோளுக்கு மேலால் கழுத்தை முறுக்கினார். சுதாஜினி இடத் தோளுக்கு மேலால் முறுக்கினாள். பொண்டியாக் புறப்பட்டது.

முதலாவது ஒழுங்கையில் பிள்ளைகள் ஹொக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். "ஓட்டோ!" என்று ஒருவன் காரைக் கண்டு பிரெஞ்சில் கத்த, வலையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். காரின் பின்புறம் வந்தது, மணப்பெண் வந்தாள், கடைசியில் முகப்பு வந்தது. ஒழுங்கு தலைகீழாக இருந்ததால் அவர்களுக்குக் கைதட்டவும் பிந்தியே நினைவு வந்தது. இரண்டாவது ஒழுங்கையில் யாரோ பூச்சட்டி வைத்துப் பசுமையாக்கியிருந்தார்கள்.

"இடப்பக்கம் செவ்வந்தி அப்பா... இன்னும் இடம்... வலப்பக்கம் பூனை!"

"பூனை எழும்பீட்டுதோ?"

"அது எழும்பேல்லை. நீங்கள்தான் விலத்தோணும்."

அதற்கப்பால் ஒழுங்கை முடிந்து, ஒரு சின்னத் தெருவில் கொஞ்சத் தூரம் போக வேண்டியிருந்தது. அது ஒருவழித் தெரு. அம்புக்குறி காட்டிய பக்கத்துக்கு நேர் எதிராகப் பொண்டியாக் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே, அதாவது பின்னே, ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது. ஒரு பொலிஸ்காரி இறங்கி வந்தாள். கதிர்காமத்தம்பி கண்ணாடியை இறக்கினார். கழுத்தைத் திருப்பவில்லை, அது அதற்குள் திரும்ப மறுத்துவிட்டது.

"பொன்ஷூர், மெஸ்யு. இது ஒருவழித் தெரு."

"தெரியும், மதாம்," என்றார் ஆஸ்பத்திரிப் பிரெஞ்சில். "காரைப் பாருங்கள். சரியான பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறது."

அவள் காரின் முகப்பைப் பார்த்தாள். அம்புக்குறியைப் பார்த்தாள். இரண்டும் ஒத்திருந்தன. சந்தனம் பூசிய பொனற்றைப் பார்த்தாள், பிறகு நெற்றிச்சுட்டியோடு பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த மணப்பெண்ணை.

"கலியாணமா?"

"ஓம்... வுய்."

"மற்ற கியர்கள்?"

"இன்னும் எழும்பவில்லை, மதாம்."

அவள் பெருமூச்சு விட்டாள். "என் அப்பாவிடமும் இப்படி ஒன்று இருந்தது. அது றிவேர்ஸிலும் போனதில்லை." திரும்பிப் போய்த் தன் காரில் ஏறினாள். மேல் விளக்கைப் போட்டாள். பின்பு அந்தப் பொலிஸ் காரும் பின்பக்கமாக ஊரத் தொடங்கியது. முன்னால் பொலிஸ் பின்வாங்க, பின்னால் பொண்டியாக் பின்வாங்க, இரண்டு காரும் அடுத்த ஒழுங்கை வாசல் வரை சாமி ஊர்வலம்போலப் போயின. வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு டெப்பனர்க்காரர், மூலைக்கடை முதலாளி, விளக்குமாற்றை நிறுத்தி, தான்தான் தவறான பக்கம் பார்த்து நிற்கிறேனோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

கடைசி ஒழுங்கையில் நுழைந்தபோது, எக்ஸோஸ்ற் குழாய் நன்றாகச் சூடேறி, காருக்குள் ஒரு மணம் வந்தது. சுதாஜினி மூக்கைச் சுருக்கினாள்.

"அப்பா, ஆரோ தலைக்கு எண்ணெய் வைச்ச மணம்."

கதிர்காமத்தம்பி காரைக் கொஞ்சம் வேகமாகப் பின்னுக்கு விட்டார்.

"தேங்காயெண்ணெய். காருக்குக் கீழையிருந்து வருது." அவள் இன்னொருமுறை முகர்ந்தாள். "அப்பா. அந்த விண்வெளிக் கிறீஸ்?"

"கிறீஸ் ரின் எட்டாத இடத்திலை இருந்தது பிள்ளை. எண்ணெய்ப் போத்தல் பக்கத்திலை இருந்தது. யூலையிலை அது தண்ணி மாதிரி."

"நீங்கள் ஒவ்வொரு நாளும் காலமை அந்தப் போத்திலைச் சுடுதண்ணிக்குள்ள வைக்கிறீங்கள். இண்டைக்கும் வைச்சீங்கள்."

"அது தலைக்கு. இது கியருக்கு."

சொன்ன பிறகுதான் அந்த நியாயம் அவருக்கே கேட்டது. மொன்றியலில் குளிர் வந்ததும் தேங்காயெண்ணெய் மெழுகாகும் என்பது இங்கே பிறந்த தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். முப்பத்தைந்து பனிக்காலம் அந்தப் போத்தலோடு போராடிய மனிதர், அதே எண்ணெயைக் கொண்டுபோய்க் கியர் மூட்டுகளுக்குள் அப்பி, உறைய விட்டிருக்கிறார். பதினொரு வருடம் பழுதுபார்த்த காரில், கடைசியாகப் பழுதாக்கியது அவரே.

தேவாலயத்தின் பின்புறக் கார் தரிப்பிடத்தில் அவர் கிளச்சை மிதித்து, ஒரு விரலால் கியர்த்தடியைத் தொட்டார். 'க்ளக்' என்றது. முதலாம் கியர், வெண்ணெயாக.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கழுத்து வலப்பக்கம், அவள் கழுத்து இடப்பக்கம்; பார்க்க வசதியாக இருந்தது.

"நேராப் போவம் அப்பா," என்றாள் சுதாஜினி.

பொண்டியாக் ஒரு வட்டமடித்து, தெருவுக்கு வந்து, மண்டப வாசலில் முகப்பு முன்னாக, சிங்கம்போல வந்து நின்றது. பத்து மணி அடிக்கவில்லை. நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கிளி கண்ணைத் துடைத்தார். அம்புறோஸ் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, பம்பரை முகர்ந்து பார்த்துவிட்டு, கதிர்காமத்தம்பியின் கையைப் பிடித்தார்.

"மச்சான், நீ சொன்னது மெய்யடா. ஏன் இவ்வளவு நேரம்?"

கதிர்காமத்தம்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக, எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னார். ஒழுங்கை, பூனை, தேங்காயெண்ணெய், பின்வாங்கிப் போன பொலிஸ் கார். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இது மீசைக் கதையை வெண்டிட்டுது, தம்பியண்ணை!" என்றார் ஒருவர்.

"கார் மெய்," என்றார் அம்புறோஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மற்றதை விடு."

மணவறையில் வேறொரு சங்கதி தொடங்கியது. முறைப்படி சுதாஜினி மாப்பிள்ளைக்கு வலப்பக்கத்தில் இருந்தாள். கழுத்து இடப்பக்கம் பிடித்திருந்ததால், ஐயர் மந்திரம் சொன்ன நேரம் முழுவதும் அவள் நிரூபனையே கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நிரூபனின் தாய் சிவாஜினி பூரித்துப்போனார்.

"பாருங்கோ, மாப்பிள்ளையிலை எவ்வளவு விருப்பம்."

தாலி ஏறியது. முறைப்படி பெண்ணை இடப்பக்கம் மாற்றி இருத்தினார்கள். கழுத்து மாறவில்லை. இப்போது அவள் மாப்பிள்ளைக்கு முதுகு காட்டாத குறையாக, அவசர வெளியேறும் வாசலுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபையில் குசுகுசுப்பு எழுந்தது. தாலி ஏறும்வரைதான் அந்தப் பார்வையோ?

"என்ன சுதா, கோவமோ?" நிரூபன் வாய்க்குள் கேட்டான்.

"கோவமில்லை. கழுத்துப் பிடிச்சிட்டுது."

நிரூபனுக்கு அது விளங்கவில்லை. சுதாஜினியின் தொழிலே பிசியோதெரப்பி; கோட்-டெ-நெய்ஜ் முழுவதுக்கும் கழுத்துப் பிடிப்பு எடுத்துவிடுகிறவள். அவள் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே காரணத்தையும் சொன்னாள், முதல் ஒழுங்கையிலிருந்து கடைசி ஒழுங்கை வரை, பொலிஸ்காரி உட்பட. முகத்தில் ஒரு தசை அசையவில்லை. நிரூபன் முழுவதையும் கேட்டான். பிறகு அட்சதைத் தட்டோடு வந்த மாமனாரைப் பார்த்தான்.

"மாமா, இதை ஒருத்தரும் எனக்கு முதல்லை சொல்லேல்லையே."

"எதை மருமகன்?"

"மகளும் உங்களைப் போலத்தான் எண்டதை."

கதிர்காமத்தம்பி ஆசீர்வதித்து அட்சதையை எறிந்தார். கழுத்து வலப்பக்கம் திரும்பியிருந்ததால், அது முழுவதும் அம்புறோஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

குடும்பப் படம் எடுக்கிற நேரம் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் பெண்ணும், பெண்ணுக்கு இடப்பக்கம் தகப்பனும் நின்றார்கள். "இஞ்சை பாருங்கோ, இஞ்சை!" என்று படக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். எல்லாரும் கமெராவைப் பார்த்தார்கள். வலப்பக்கம் மட்டுமே திரும்பக்கூடிய ஒருவரும் இடப்பக்கம் மட்டுமே திரும்பக்கூடிய ஒருத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது.

அந்தப் படம் இப்போது வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்று, தகப்பனுக்கும் மகளுக்கும் என்ன பாசம் என்று உருகுகிறார்கள்.

"பாசமில்லை, கழுத்துப் பிடிப்பு," என்கிறார் கதிர்காமத்தம்பி.

யாரும் நம்புவதில்லை.